கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு

போன செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என் வாயைத் திறக்கச் சொன்னார். டார்ச் அடித்தார். நாக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, இடது கன்னத்தின் உள்பக்கத்தை நிதானமாகப் பார்த்தார்.

"போயிடுச்சு சார். சுத்தமா இருக்கு" என்றார்.

நல்ல செய்திதானே? துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? நான் என்னவோ பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தப்பட்ட பையன் மாதிரி விழித்துக்கொண்டு நின்றேன். காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

எனக்கு உறையூர் சுருட்டுப் பழக்கம் உண்டு. இருபது வருஷப் பழக்கம். காலையில் காபி குடித்ததும் ஒன்று, மத்தியானம் ஆபீஸ் வராந்தாவில் ஒன்று, சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது ஒன்று. எப்போதும் இடது கடைவாயில்தான் வைப்பேன். பேச்சு, ஏச்சு, ஆபீஸ் ஃபைல் எல்லாம் வலது பக்கத்தால் நடக்கும்.

ஒன்பது மாதத்துக்கு முன் ஒரு பல்வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். பல்லைப் பார்க்க வேண்டிய டாக்டர், பல்லை விட்டுவிட்டுக் கன்னத்தையே பார்த்தார். உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு. ஒரு நயா பைசா அகலம் இருக்குமாம். கொத்தமல்லி விதை அளவுக்குச் சதையைக் கிள்ளி ஒரு குப்பியில் போட்டார். அது மெட்ராஸுக்குப் போய், அங்கே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பதில் வர மூன்று வாரம் ஆகும் என்றார்.

என்னவாக இருக்கும் என்று கேட்டேன்.

"பாத்துதான் சொல்லணும்."

டாக்டர்கள் இந்த வாக்கியத்தை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள்... கேட்கிறவன் அதற்குள் தன் கருமாதிப் பந்தி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறான். நானும் போய்ச் சேர்ந்தேன். பந்தியில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்த்துவிட்டேன்.

அந்த மூன்று வாரமும் நான் மகான். சுருட்டைத் தொடவில்லை. ஆபீஸில் யார் லீவு கேட்டாலும் ஏன் என்று கேட்காமல் சிபாரிசு செய்தேன். எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு தென்னை மரத்தை வைத்து ஆறு வருஷமாகத் தகராறு. ஒரு நாள் காலையில் நானே போய்க் கதவைத் தட்டி, மரம் உங்களுடையதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். மனுஷன் சந்தோஷப்படவில்லை, பயந்துபோனார். சாருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று என் மனைவி சரோஜாவிடம் வந்து விசாரித்தார். அவளுக்கு என்ன தெரியும்? பல்வலி என்றுதான் நான் சொல்லியிருந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால், போகிறவன் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுத்தானே போக வேண்டும்?

சரோஜாவின் அண்ணன் மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் மேஸ்திரி. நாலு வருஷத்துக்கு முன் அவர் மகளுக்குக் காதுகுத்து வைத்தார். பத்திரிகையில் என் பெயரைக் கடைசி வரியில் போட்டிருந்தார். ஆமாம், அவ்வளவுதான் விஷயம். நான் போகவில்லை, சரோஜாவையும் அனுப்பவில்லை. இனி அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் என் ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. தப்பாகிவிட்டது மாப்பிள்ளை, தங்கச்சியை ஒரு நாள் அனுப்பி வையுங்கள் என்றார். அவளுக்கு உங்களைப் பார்க்க இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் வராந்தாவில் நின்றார். பிறகு பையை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் சரோஜா, "அண்ணன் எட்டிக்கூடப் பாக்கலயே" என்பாள். உன் அண்ணனுக்குக் கௌரவம் பெரிசு என்பேன் நான். நானே சொல்வேன்!

ரிப்போர்ட் வர மூன்று நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் திட்டைச் சொன்னேன். கை நின்றது. அப்புறம் அண்ணன் வந்து போனதைச் சொன்னேன்.

முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள். "அந்தப் பையில என்ன இருந்துச்சு?"

"முறுக்கு."

"அதை என்ன செஞ்சீங்க?"

"ஆபீஸ்ல கொடுத்துட்டேன்."

அப்போதுதான் அழுதாள். எனக்காகப் பாதி, முறுக்குக்காகப் பாதி என்று நினைக்கிறேன். கணக்கு எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால், சாகப்போகிறவனிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? மூன்று நாளும் குழைந்த சாதமாகப் போட்டு, காரம் இல்லாமல் ரசம் வைத்துக் கொடுத்தாள்.

புதன்கிழமை ரிப்போர்ட் வந்தது. டாக்டர் படித்துவிட்டு, சம்பந்தமில்லாமல் என் வலது கையை நீட்டச் சொன்னார். பேனா பிடிக்கும் நடுவிரலின் ஓரத்தைத் தொட்டுக் காட்டி, இந்தக் காய்ப்பு எப்போது வந்தது என்றார். ஆபீஸில் சேர்ந்த நாளிலிருந்து எழுதி எழுதி வந்தது என்றேன்.

"அதேதான் சார் உள்ளயும். கன்னத்துல இருக்கிறது ஈரமான மெல்லிசுத் தோல். அதுமேல தினம் சூட்டையும் புகையையும் விட்டீங்க. எழுந்து ஓட முடியுமா அதால? அந்த செல்லெல்லாம் தடிச்சு, உள்ளங்கால் தோல் மாதிரி தன்னை மாத்திக்கிச்சு. தப்பிக்க அதுக்குத் தெரிஞ்ச வழி அது."

"அப்ப புத்து நோய் இல்லையா?"

"இல்ல. சுருட்டை விட்டா பழையபடி ஆயிடும். விடலைன்னா, ஒரு நாள் அது அளவில்லாம வளர ஆரம்பிக்கும். என்னைக்குன்னு உங்ககிட்டயும் கேக்காது, என்கிட்டயும் கேக்காது."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். இந்த சந்தோஷத்தைக் கொண்டாட என் கை முதலில் எங்கே போயிற்று தெரியுமா? சட்டைப் பைக்கு. நல்லவேளை, காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சரோஜா சாமி விளக்கை ஏற்றினாள். விழுந்து கும்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் உள்ளே போய் ஒரு பையில் இரண்டு புடவையை மடித்து வைத்துக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு ஆயிடுச்சு. நான் அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தனியாக டவுன் பஸ் ஏறினாள்.

பத்து நாள் நானே பொங்கித் தின்றேன். யோசிக்க நேரம் நிறைய இருந்தது. அவள் முதல் தீபாவளிக்கு அண்ணனைப் பற்றிக் கேட்டபோது எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இரண்டாம் தீபாவளிக்குக் கொஞ்சம். நாலாவது வருஷம் ஒன்றுமே இல்லை, நிம்மதியாக அதிரசம் சாப்பிட்டேன். அதை நான் மனப்பக்குவம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

பத்தாம் நாள் கொள்ளிடம் தாண்டி மண்ணச்சநல்லூர் போனேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று தயாராகத்தான் போனேன். மைத்துனர் வாசலுக்கு வந்து, "வாங்க மாப்பிள்ளை, வெயில்ல வந்திருக்கீங்களே" என்று மோர் கொடுத்தார். பழைய விஷயத்தை ஒரு வார்த்தை எடுக்கவில்லை. இலையில் எனக்குத்தான் முதலில் பரிமாறினார்கள். அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

திரும்பும்போது சரோஜா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தாள். பாலத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. இன்னும் என் மேல் கோபமா என்று கேட்டேன்.

ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த ரிப்போர்ட் வேற மாதிரி வந்திருந்தா அன்னைக்கே மன்னிச்சிருப்பேங்க. இப்பத்தான் ஆயுசு இருக்குல்ல... மெதுவாப் பாத்துக்கலாம்."

எட்டு மாதமாகிறது. பார்த்துக்கொண்டிருக்கிறாள்.