ரெண்டாவது நடை

அண்ணன் வண்டி வாங்கிக்கொண்டு வந்த அன்று, ஊட்டி காந்தலில் எங்கள் தெருவே வந்து அதைச் சுற்றிப் பார்த்தது. ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டிதான். ஏழு பேர் உட்காரலாம். எங்கள் பக்கம் உயரமாக எந்த வண்டி நின்றாலும் அது ஜீப். நான் மட்டும் அதற்கு யானை என்று பேர் வைத்தேன். மேலே ஓர் அம்பாரி கட்டிவிட்டால் கோயில் திருவிழாவுக்கு வாடகைக்கு விடலாம் என்று அண்ணனைச் சீண்டினேன்.

அண்ணன் கோபப்படவில்லை. "அம்பாரியை நீயே பாத்து எடுத்துக் குடுறா. லோடு ஏத்தறவன் நீதான" என்றார்.

அவர் சொன்னது கேரியரை. வண்டியின் கூரைமேல் சாமான் ஏற்றுவதற்கு வைக்கிற சட்டம். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். அதனால் அதற்குமேல் கிண்டல் வரவில்லை. அண்ணன் மகள் பாப்பாவுக்கு ஊட்டிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மழை மாதம் வந்தால் மூச்சு இழுக்கும். கீழே போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனும் காரமடைப் பக்கம் ஒரு மில்லில் சூப்பர்வைசர் வேலை தேடிக்கொண்டார். வாடகை லாரி எதற்கு, நம் வண்டியிலேயே குடி போய்விடலாம் என்பது அவர் ஆசை. வண்டி வாங்கின புதுசு.

"நீயும் வாடா" என்று ஒரு தடவை கேட்டார்.

"அந்த வெயில்ல கருத்துப் போயிருவனுங்ணா. அப்பறம் எவன் எனக்குப் பொண்ணு குடுப்பான்?"

அண்ணி சிரித்தார், எல்லோரும் சிரித்தோம், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இன்னொரு தடவை கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். என் வாய் அப்படி. எதைக் கேட்டாலும் முதலில் கிண்டல் வந்து நிற்கும், பதில் அதற்குப் பின்னால்தான் வரும். அதுவரை யாரும் காத்திருப்பதில்லை. அப்பா அம்மா போன பிறகு ஆறு வருஷமாக அண்ணி போட்ட சோற்றைத் தின்றவன் நான். அவரிடமாவது தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் ஒன்பதாவதில் ரெண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தவன். கேத்தியில் கேரட் கழுவும் இடத்தில் லோடுமேன் வேலை. மூட்டைகளை லாரியில் அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்ட வேண்டும். லாரி ஒரு தடவை போய் வந்தால் அது ஒரு நடை. லாரி நிறைந்து மூட்டை மிஞ்சினால் நாங்கள் கவலைப்பட மாட்டோம். மிஞ்சியது ரெண்டாவது நடைக்கு. மேட்டுப்பாளையம் போன லாரி இறக்கிவிட்டுத் திரும்பி வந்தே ஆக வேண்டும். சரக்கு மிச்சம் இருந்தால் வண்டி வரும். நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

குன்னூரில் ஒரு வண்டிச் சாமான் கடைக்குப் போனோம். மூன்று தினுசு காட்டினார்கள். ஒன்று கூரை நீளத்துக்கு இருக்கும் இரும்புக் கேரியர். சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கம்பி, பின்னால் ஏறுவதற்கு ஏணி. அடுத்தது அலுமினியத்தில், அதில் பாதி. மூன்றாவது வெறும் ரெண்டு குறுக்குப் பட்டை, அழகுக்கு. குடி மாற்றுவதற்கு முழுசுதான் சரி என்றார் கடைக்காரர். அது உண்மை. அதையும் வண்டியின் பின்சீட்டையும் என் கையில் கொடுத்தால் கட்டில் முதல் கிரைண்டர் வரை ஏற்றிவிடுவேன். ஒரே நடை.

ஒரே நடை என்று மனசில் சொன்ன பிறகுதான் அந்தப் புத்தி வந்தது. சின்னதை எடுத்தால் சாமான் மிஞ்சும். மிஞ்சினால் திரும்பி வருவார்கள். மூன்று நடைகூட ஆகலாம். வந்தால் ஒரு நாளாவது தங்குவார்கள்.

உடனே பெரியதில் குறை சொல்ல ஆரம்பித்தேன். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஆடும், பர்லியாரில் மரக்கிளை உரசும், கம்பிக்குள் காற்றுப் புகுந்து ஊளையிடும், பாப்பாவுக்கு வாந்தி வரும்.

என் சட்டையில் காய்ந்திருந்த தோட்டத்து மண்ணைக் கடைக்காரர் பார்த்தார். "ஏனுங் தம்பி, கேரட்டை ரெண்டாள் ஒசரத்துக்கு அடுக்கி அதே ரோட்டுல அனுப்பறது நீங்கதானுங்க?"

"கேரட்டுக்கு வாந்தி வராதுங்க" என்றேன்.

அண்ணன் சிரித்துவிட்டுச் சின்னதையே பூட்டச் சொன்னார். பாப்பாவின் வாந்தி என்றதும் அவருக்கு மற்றதெல்லாம் மறந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பிய அன்று காலையில் லோடு கட்டியதும் நான்தான். ஒழுங்காகக் கட்டியிருந்தால் கிரைண்டருக்கு இடம் கிடைத்திருக்கும். தலையணைகளை ஏற்றி அந்த இடத்தை அடைத்தேன். கட்டில், பீரோ, கிரைண்டர், பாப்பாவின் சைக்கிள் எல்லாம் வாசலில் நின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை வாருங்கள், முடிந்துவிடும் என்றேன். பார்க்கலாம் என்றார் அண்ணன். அண்ணி மிஞ்சின சாமானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏறிக்கொண்டார். வண்டி இறக்கத்தில் திரும்பும்வரை, கயிறு தளர்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். தளரவில்லை.

அன்று சாயங்காலமே முன்னறைத் தரையில் சாக்பீஸால் கேரியர் அளவுக்கு ஒரு கட்டம் போட்டேன். அதற்குள் சாமான்களை அடுக்கிப் பார்த்தேன். இன்னும் ரெண்டு நடை வேண்டும் என்று தெரிந்ததும் சந்தோஷமாக இருந்தது. கட்டிலைக் கழற்றிக் கட்டி வைத்துவிட்டு, கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டேன். ஊட்டித் தரையில் வெறும் பாயில் படுத்தவர்களுக்கு அது எப்படியென்று தெரியும்.

முதல் ஞாயிறு ஒரு கிலோ கறியும் டீக்குத் தொட்டுக்கொள்ள வர்க்கியும் வாங்கி வைத்தேன். கறியைச் செவ்வாய்க்கிழமை வரை நானே தின்றேன். ரெண்டாவது ஞாயிறு அரைக் கிலோ. மூன்றாவது ஞாயிறு வர்க்கி மட்டும். மெத்தையில் பூசணம் பிடிக்காமல் இருக்க, வெயில் எட்டிப் பார்த்த நாளெல்லாம் வெளியே தூக்கிப் போட்டேன். வேலை முடிந்து வந்தால் பேச ஆளில்லை. கிண்டலுக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும், திட்டவாவது. பீரோவிடம் ஒரு நாள் ஏதோ சொல்லிப் பார்த்தேன். அதன் கண்ணாடியில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அண்ணி போன் செய்தார். பாப்பாவுக்கு மூச்சிரைப்பு இல்லை, பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறாள் என்றார். கேட்க நன்றாக இருந்தது. சாமானெல்லாம் கட்டித் தயாராக இருக்கிறது, வண்டி எப்போது வரும் என்று கேட்டேன்.

"எதுக்குத் தம்பி? இங்க எல்லாம் புதுசா வாங்கியாச்சு. அது உனக்குன்னுதான் உட்டுட்டு வந்தோம்."

எனக்குப் புரியவில்லை.

"சின்ன கேரியரை எடுத்துட்டு வந்தன்னைக்கே உங்கண்ணன் சொல்லிட்டாரு. பெருசே போதும்னு இவனுக்குத் தெரியாதா, ஊட்டுச் சாமான் வேணுமாட்ட இருக்குது, வாய்விட்டுக் கேக்க வெக்கப்படறான், கண்டுக்காம உட்டுட்டுப் போலாம்னாரு. நாளைக்கு உனக்கும் ஒருத்தி வந்தா ஆகும்ல."

அத்தனை பிரியமாகச் சொன்னார். சாமானுக்காக இல்லைங்க அண்ணி என்று தொண்டைவரை வந்தது. வழக்கம்போல முதலில் வேறொன்று வந்துவிட்டது.

"கண்டுபுடிச்சுட்டீங்களே. அந்தக் கிரைண்டர் மேல ரொம்ப நாளா எனக்கு ஒரு கண்ணுங்க அண்ணி."

அண்ணி சிரித்துக்கொண்டே அதை அண்ணனிடம் சொன்னது கேட்டது. அண்ணனும் சிரித்தார். கூடவே நானும் சிரித்தேன். சாப்பிட்டாயா என்று அண்ணி கேட்டார், சாப்பிட்டேன் என்றேன், போனை வைத்துவிட்டோம்.

அன்றே கயிறுகளை அவிழ்த்தேன். நாளைக்கு இட்லிக்காவது ஆட்டலாம் என்று அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டேன். ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று தெரியாது. ஒரு டம்ளர் போட்டேன். கிரைண்டரைச் சுற்றவிட்டால் மாவு அடியிலும் ஓரத்திலும் அப்பிக்கொண்டது, கல்லோடு கல் உரசுகிற சத்தம்தான் வீடெல்லாம் கேட்டது. அந்தக் கிரைண்டரில் குறைந்தது நாலு பேருக்காவது போட்டால்தான் ஆடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.