கலியாணத்துக்கு நான் காய்ச்சிய பியர்

ஹம்பேர்க்கில் என்னைப் போலப் பியர் காய்ச்சத் தெரிந்த தமிழன் வேறொருவன் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் வந்து இறங்கியபோது ஜெர்மன் மொழியில் ஒரு சொல் தெரியாது. கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, அடுப்புக்கு ஏறி, கடைசியில் சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டேன். அதைக் கால்வலி வரும்வரை நடத்திவிட்டுத்தான் கைமாற்றினேன். ஒருவரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. தூக்கிவிட வந்தவர்களையும் நான் கிட்ட அண்டவிடவில்லை.

கடையை விட்டபிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அப்போதுதான் இந்தப் பியர் வேலையில் இறங்கினேன். பழத்தை அவித்துப் போத்தலில் அடைப்பதற்கு ஜெர்மன்காரர் வைத்திருக்கும் பெரிய மின்சார அண்டா ஒன்றை வாங்கினேன். முதல்முறை குசினியில் வைத்துக் காய்ச்சும்போது பொங்கி வழிந்து, நிலமெல்லாம் பாகு ஒட்டி, மனைவியின் செருப்பு நிலத்தோடு நின்றுவிட்டது. அன்றைக்கே என்னைக் கீழே நிலவறைக்கு அனுப்பிவிட்டாள். அதுவும் நல்லதுக்குத்தான். அங்கே வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க் கொதிகலன் இருக்கிற அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஓடு பதித்த நிலம், தண்ணீர்க் குழாய், ஒரு ஜன்னல். ராசாவாட்டம் இருந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பியர் காய்ச்சுவது முக்கால்வாசியும் கழுவுகிற வேலைதான். முளைவிட்ட பார்லியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, வடித்து, ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைப்பது ஒரு பகல் வேலை. அதை ஆற்றி, நொதிக்கவைக்கிற ஈஸ்ற் போட்டு வாளியில் மூடி வைத்துவிட்டால் மிச்சத்தை ஈஸ்ற் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஆறினபிறகு அதைத் தொடுகிற எந்தச் சாமானும், வாளியோ குழாயோ கலக்குகிற துடுப்போ போத்தலோ, கண்ணுக்குச் சுத்தமாக இருந்தால் போதாது. கிருமி செத்திருக்க வேண்டும். அதற்கென்று மருந்துத் தண்ணீர் இருக்கிறது. கழுவி, ஊறவைத்து, துணிகூடப் போடாமல் காயவிட வேண்டும். கழுவுகிற வேலையில் எனக்குப் படிப்பிக்க இந்த நாட்டில் ஆள் இல்லை. என் கடையைச் சோதிக்க வந்த சுகாதாரக்காரர் குளிர்பெட்டிக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, விரலையும் பார்த்து, புத்தகத்தை மூடிக்கொண்டு போனவர்.

மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது அந்த நாட்களில்தான். மாப்பிள்ளை ஜெர்மன்காரன். நல்ல பொடியன், அதில் எனக்குக் குறையில்லை. குறை வேறு. அவர்கள் இரண்டு பேரும் இருந்து எல்லாவற்றையும் தாங்களே செய்து முடித்துவிட்டார்கள். மண்டபம் பார்க்கவா என்று கேட்டேன், எடுத்தாயிற்று என்றாள். சாப்பாட்டை நான் பார்க்கிறேன் என்றேன். ஊர் முழுக்கச் சாப்பாடு போட்ட மனுசன், அதுகூடக் கேட்கக் கூடாதா? அதற்கும் ஆள் சொல்லிவிட்டோம் என்றாள். பாதிரியாரோடு கதைக்கப் போனால் அவர் ஏற்கெனவே அவர்களோடு கதைத்து முடித்திருந்தார். எங்கள் ஆட்களின் கலியாணத்தில் பெண்ணின் தகப்பனுக்கு ஓடியோட இடுப்பு முறியும். எனக்கோ சேர்ட்டின் அளவு சொல்லுகிற வேலையைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. அதையும் மனைவி சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்த மகள் கீழே இறங்கி வந்து, நான் போத்தல் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"அப்பா, கலியாணத்துக்குப் பியர் நீங்கள் காய்ச்சித் தாங்கோ."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். எவ்வளவு பேர் என்று மட்டும் கேட்டேன்.

அதற்குப் பிறகு நான் தொலைபேசியை வைக்கவில்லை. பாரிஸ், லண்டன், சூரிச், எங்கெங்கே சொந்தம் இருக்கிறதோ அங்கெல்லாம் சொன்னேன். கலியாணத்துக்கு வாருங்கள், பியர் என்னுடையது என்றேன். சம்பந்தியிடமும் சொன்னேன். அந்த மனுசன் ஓய்வுபெற்ற எஞ்சினியர். அவரும் வீட்டில் காய்ச்சுகிறவர்தான். ஆனால் அவருடையது பொத்தானை அமத்தினால் தானாகவே காய்ச்சுகிற வெள்ளி நிற மெஷின். மெஷின் காய்ச்சினதை நான் காய்ச்சினேன் என்று சொல்வதில் என்ன இருக்கிறது? அவர் என் தோளில் தட்டி, ஆவலோடு காத்திருக்கிறேன் என்றார்.

வசந்த காலம் முழுக்க அந்த நிலவறையில்தான் இருந்தேன். வாளிக்கு மேல் வாளி. மூடியில் தண்ணீர் நிற்கும் சின்னக் குழாய்கள் வரிசையாக நின்று குமிழி விட்டன. உள்ளே இருக்கிற காற்று வெளியே போகும், வெளியே இருக்கிறது உள்ளே வராது. அதற்குத்தான் அந்தக் குழாய். புளிப்பு இல்லை, புகை மணம் இல்லை. ருசி பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. போத்தலில் அடைத்து மூன்று கிழமை, இருபத்தொரு நாள், விட்டால் நுரை பிடித்துவிடும். அவ்வளவுதான் மிச்சம்.

போத்தலில் அடைக்க நினைத்திருந்த ஞாயிறுக்கு முதல்நாள்தான் எங்கள் வீட்டில் பலகாரச் சூடு. கலியாண வீடு என்றால் சொந்தக்காரப் பெண்கள் கூடிப் பலகாரம் சுடாமல் முடியுமா? மகள் வேண்டாம் என்றுதான் சொன்னாள், கடையில் வாங்கலாம் என்றாள். அந்த ஒன்றில் மட்டும் மனைவி விடவில்லை. வெள்ளிக்கிழமையே வந்து சேர்ந்துவிட்டார்கள். வீடு முழுக்கச் சிரிப்பும் எண்ணெய் மணமும். டோர்ட்முண்டிலிருந்து மனைவியின் தங்கை வந்திருந்தாள். வேலைக்கு அஞ்சாத மனுசி. வந்தவர்களுக்குக் காலைச் சாப்பாட்டுக்குத் தோசை போட வேண்டும் என்று அவள்தான் உழுந்தை அரைத்தாள். மே மாதமென்றாலும் குளிர் விடவில்லை. மா புளிக்காது என்று பயந்து, கொதிகலன் அறையில் கொண்டுபோய் வைத்தாள். பெரிய அண்டா நிறைய மா. கலக்குவதற்கு நீளமான அகப்பை ஒன்றும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

பக்கத்து அறையில் என் துடுப்பு தொங்கியது. நீளமான வெள்ளைத் துடுப்பு. வெள்ளிக்கிழமை காலையிலேயே அதை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, காயவிட்டு, அலுமினியத் தாளால் சுற்றிக் கொளுவியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, நுரை பிடிப்பதற்காகப் பியரில் சீனிப்பாகு விட்டுக் கலக்குவதற்கென்று வைத்திருந்தது அது.

அவள் தாளை உரித்தாள். தோசைமாவைக் கலக்கினாள். பிறகு துடுப்பைக் குழாயில் நன்றாகக் கழுவி, துடைத்து, புதுத் தாள் எடுத்து, நான் சுற்றியதைவிட நேர்த்தியாகச் சுற்றி, அதே கொளுக்கியில் கொளுவிவிட்டுப் போனாள். வேறொருத்தி என்றால் அப்படியே நிலத்தில் போட்டிருப்பாள், நானும் கண்டிருப்பேன். இவள் ஒழுங்கானவள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எல்லாரும் போனபிறகு நான் அந்தத் தாளை உரித்து, ஒவ்வொரு வாளியாகச் சீனிப்பாகு விட்டுக் கலக்கி, போத்தலில் அடைத்தேன். ஒரு வாளியையும் விடவில்லை.

அடைத்து இரண்டாம் கிழமை கீழே வெடிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஒரு போத்தல் சிதறி, சுவரெல்லாம் நுரை. ஒன்று வெடிப்பது நடக்கிறதுதான், கண்ணாடியில் கீறல் இருந்திருக்கும் என்று நினைத்து இன்னொன்றைத் திறந்தேன். பாதிக்கு மேல் பீறிட்டு வெளியே போனது. மிச்சத்தை மணந்து பார்த்தேன். முப்பது வருடமாகக் காலையில் என் குசினியில் மணந்த மணம் அது. புளித்த தோசைமா. வேறு வாளியில் அடைத்த போத்தலைத் திறந்தேன். அதுவும் அதே. வரிசை வரிசையாகத் திறந்தேன். விரலை ஒரு கண்ணாடித்துண்டு வெட்டியதைக்கூட மனைவி வந்து சொன்ன பிறகுதான் பார்த்தேன்.

மாவை எங்கே வைத்தீர்கள், எதால் கலக்கினீர்கள் என்று மனைவியைக் கேட்டேன். அவளுக்குத் தெரியாது. தங்கைக்குத் தொலைபேசி எடுத்து என் கையில் தந்தாள்.

"கழுவித்தானே அத்தான் வச்சனான்," என்றாள் அவள். "புதுத் தாளும் சுத்தி வச்சனான்."

"கழுவினதும் சுத்தமும் ஒண்டில்லை," என்றேன். "அந்தத் தாளைச் சுத்தாமல் விட்டிருந்தால் நான் தப்பியிருப்பன்."

அவள் அழத் தொடங்கினாள். மனைவி என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்து, ஒரு பியருக்காகவா என்று கேட்டாள். ஒரு பியருக்காக இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் விளங்கியிருக்குமா?

திரும்பக் காய்ச்ச நாள் இல்லை. மகளிடம் நேரில் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். எஸ்-பான் ரயிலில் போகிற வழி முழுக்க என்ன சொல்வது என்று யோசித்தேன். அவள் அழுவாள், ஏசுவாள், கலியாணத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் இப்படிச் செய்துவிட்டீர்களே என்பாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்பது, பிறகு தெரிந்த கடைக்காரர் ஒவ்வொருவராகப் போய் எப்படியும் பியர் கொண்டுவந்து இறக்குவது என்று மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன்.

அவள் கோப்பி ஊற்றித் தந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என் வெட்டுக்காயத்தைப் பார்த்து, மருந்து போட்டீர்களா என்றாள்.

"பியருக்கு என்ன செய்யப் போறாய்?" என்றேன்.

"அதுக்கு யோசிக்காதேங்கோ அப்பா. மண்டபத்துக்குப் பீப்பாய் சொல்லித்தான் இருக்கு."

"எப்ப சொன்னனீ?"

அவள் கோப்பியைக் கலக்கினாள். குளிர்காலத்திலேயே சொன்னதாம், மண்டபம் எடுத்தபோதே. எல்லாவற்றுக்கும் ஒரு றிசேர்வ், மாற்று ஏற்பாடு, வைத்திருந்தார்களாம். மழை பெய்தால் கூடாரம், பாட்டுக்காரனுக்குச் சுகமில்லையென்றால் இன்னொருவன், அப்படி.

குளிர்காலம் என்றால், என்னிடம் பியர் கேட்பதற்கு முன்பே. நான் கோப்பியைக் குடித்து முடித்தேன். நல்ல கோப்பி.

சம்பந்திக்கும் செய்தி போய்விட்டது. அடுத்தநாள் தொலைபேசி எடுத்துக் கதைத்தார். ஊற்றிவிடாதீர்கள், பெர்லினில் புளிப்புப் பியர் என்றே ஒரு சாதி இருக்கிறது, அதில் சிவப்புச் சர்பத்தை விட்டு விரும்பிக் குடிக்கிறார்கள் என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். சர்பத் விட்டு ஆறுதல் சொல்லப்படுவதற்கா நான் இந்த நாட்டுக்கு வந்தேன்? அன்று பின்னேரமே கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, கைக்கு உறை போட்டு, ஒரு போத்தல் மிச்சமில்லாமல் திறந்து நிலவறைக் கழிவுநீர்க் குழிக்குள் ஊற்றினேன்.

கலியாணம் நன்றாக நடந்தது. ஒரு பிழை சொல்ல முடியாது, அப்படி ஒழுங்கு. மண்டபத்தில் பீப்பாயிலிருந்து பியர் வந்துகொண்டிருந்தது. பாரிஸிலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட தம்பி, கிளாசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"அண்ணை, உண்மையாச் சொல்லுறன், கடைப் பியர் உங்களிட்டைப் பிச்சை வாங்கவேணும்."

"இது கடைப் பியர்தான்," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணை பகிடி விடுறார் என்றான் ஒருவன். இவருக்கு எப்ப இந்தப் பணிவு வந்தது என்றான் இன்னொருவன். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்தப் பெருமை முழுக்க எனக்கு வந்திருக்கும். ஆனால் அந்தப் பியரை நான் ருசி பார்த்திருந்தேன். தண்ணி மாதிரி இருந்தது. என்னுடையது அதைவிட எவ்வளவோ திறம். அதை என் பியர் என்று இவர்கள் ஊருக்குக் கொண்டுபோவதா?

"என்ரை புளிச்சுப் போச்சு. ஊத்திப்போட்டன். இது பிள்ளையள் காசு குடுத்து எடுத்தது."

தம்பி கிளாசைப் பார்த்தான். மனைவியின் தங்கை அந்தப் பக்கத்து மேசையில்தான் இருந்தாள்; எழும்பி வெளியே போனாள்.

மகள் வெள்ளைக் கலியாணச் சட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து என்னை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏனப்பா? அவை நினைக்கிறதை நினைச்சிட்டுப் போகட்டுமே."

"நீ தந்த வேலையை நான் செய்யேல்லை. செய்த மாதிரி நிக்க எனக்கு ஏலாது."

"நான் அதை வேலையெண்டு தரேல்லை அப்பா. நீங்கள் ஒண்டுமில்லாமல் நிண்டீங்கள், அதைப் பாக்க..."

மாப்பிள்ளை ஆடக் கூப்பிட்டான். போ பிள்ளை, கூப்பிடுறான் என்று அனுப்பிவிட்டேன்.

இப்போதும் காய்ச்சுகிறேன். முன்னையைவிடத் திறமாக வருகிறது. நிலவறைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன், திறப்பு என்னிடம்தான். குடித்தவர்கள் எல்லாரும் ஹம்பேர்க்கில் இப்படி இல்லை என்கிறார்கள். மகள் வீட்டுக்குப் போகிற நாட்களில் மட்டும், என்னுடையதை எடுக்காமல், வழியில் இறங்கி, கடையில் ஒரு பெட்டி பியர் வாங்கிக்கொண்டு போகிறேன். அவள் வாங்கி உள்ளே வைக்கிறாள். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.