மடங்கிக் கிடந்த கால்

பேய், ஜின் என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் அம்மாவே சொன்னாலும் "சும்மா இரும்மா" என்றுதான் வரும். ஐ.சி.யு.வில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இத்தனை வருடம் இருக்கிறேன், கண்ணெதிரே எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள், ஒருத்தரும் திரும்பி வந்து என் தோளைத் தொட்டதில்லை. இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. நம்பினால்தான் சங்கடம், ஏனென்றால் இதில் நான் வெட்கப்பட நிறைய இருக்கிறது.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்கிக் கிடக்கும் நோயாளிக்குச் சாதாரண டயாலிசிஸ் தாங்காது. அவர்களுக்கென்று ராப்பகலாக மெதுவாக ஓடும் மெஷின் ஒன்று உண்டு. எங்களிடம் இருந்த இரண்டில் ஒன்று ரிப்பேருக்குப் போயிருந்தது. மற்றது மூன்றாம் படுக்கையில், சரோஜா அம்மாவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கேளம்பாக்கத்தில் டிபன் கடை வைத்திருப்பவர். ரத்தத்தில் கிருமி பரவி, கிட்னி நின்றுபோய், வாயில் குழாயோடு மயக்க மருந்தில் கிடந்தார். உடம்பெல்லாம் நீர் கோத்து, முகம் உப்பி, கண் எது கன்னம் எது என்று தெரியாத நிலைமை.

அன்று காலை ஆறாம் படுக்கைக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். முதல் பிரசவம், ரத்தம் நிறையப் போய்விட்டது, சிறுநீர் இறங்கவில்லை. அவளுக்கும் அதே மெஷின்தான் வேண்டும். ஒருவருக்கு ஓடுகிற மெஷினைக் கழற்றி இன்னொருவருக்குப் போடு என்று எந்த டாக்டரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் ரத்தம் உறைந்து ஃபில்டர் அடைத்துக்கொண்டால் மெஷின் நின்றுவிடும், நின்றால் அடுத்து யாருக்குப் போடுவது என்று யோசிக்கலாம், அது எங்களுக்குள் ஒரு வழக்கம். ஆக, மூன்றாம் படுக்கையின் ஃபில்டர் எப்போது போகும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் கணவன் பெருங்களத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஐ.சி.யு. வாசலில் என்னை மறித்தான்.

"அக்கா, அந்த மிசினு எப்பக்கா காலியாவும்? காலியானா ஒடனே போட்டுடலாம்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. பாப்பாவ இன்னும் அவ பாக்கவே இல்லக்கா."

"பாக்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். நெஞ்சு கொதித்தது. வாழ்ந்து முடித்த உடம்புக்கு ஓடுகிற மெஷின் இந்தப் பிள்ளைக்கு இல்லையா என்று தோன்றியது. இப்படி நினைத்ததைச் சொல்லவே இப்போது கூசுகிறது.

மத்தியானம், பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு, மூன்றாம் படுக்கை மெஷின் கத்தியது. போய்ப் பார்த்தால் சரோஜா அம்மாவின் வலது கால் மடங்கிக் கிடக்கிறது. தொடையில் போட்டிருந்த குழாய் நசுங்கி, ரத்தம் வராமல் பம்ப் நின்றிருந்தது. நின்ற ரத்தம் கொஞ்ச நேரத்தில் ஃபில்டரிலேயே உறைந்துவிடும். காலை நீட்டி வைத்தால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம். நான் காலைத் தொடவில்லை. சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். மறுபடி கத்தியது, மறுபடி அழுத்தினேன்.

"காலு மடங்கிக் கீது பாரும்மா."

கட்டிலின் அந்தப் பக்கம் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். ஒல்லி, ஒட்டிய கன்னம், மோவாயில் விரல் வைத்து அழுத்தின மாதிரி ஒரு பள்ளம், பூப்போட்ட நூல் புடவை. உள்ளே வருகிறவர்கள் போட வேண்டிய பச்சை அங்கி இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவளுக்கு வருகிற கோபம் எனக்கு வந்தது.

"விசிட்டிங் டைம் முடிஞ்சாச்சு, வெளிய போங்க. எங்க வேலை எங்களுக்குத் தெரியும்!"

அவர் அசையவில்லை. கோபப்படவும் இல்லை. "அந்தப் பொண்ணுக்கு வோணும்னா என்னாண்ட கேட்டுட்டு எடுத்துக்கோம்மா. இப்டி வோணாம்."

யா அல்லாஹ்! என் மனசில் இருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை, உதட்டைக்கூட அசைக்கவில்லை. சட்டென்று குனிந்து காலை நீட்டி வைத்தேன். பம்ப் சுற்ற ஆரம்பித்தது, ஃபில்டர் தப்பியது. நிமிர்ந்தால் ஆளைக் காணோம். நர்ஸ் ஸ்டெல்லா மேசையிலிருந்து கேட்டாள், "யாரைக்கா போகச் சொல்றீங்க? அங்க யாருமே இல்லையே." வாசல் செக்யூரிட்டியும் யாரும் உள்ளே வரவில்லை என்று அடித்துச் சொன்னார்.

ஃபில்டர் இப்போதைக்குப் போகாது என்று தெரிந்ததும் டாக்டர் நாலைந்து இடத்துக்குப் போன் போட்டார். சிட்டிக்குள் ஒரு மருத்துவமனையில் மெஷின் கிடைத்தது, அந்தப் பெண்ணை ஆம்புலன்சில் ஏற்றினோம், பிழைத்துக்கொண்டாள். அந்தப் போனைக் காலையிலேயே போட்டிருக்கலாம், போடச் சொல்லி நானாவது கேட்டிருக்கலாம். எங்களுக்குக் காத்திருப்பதுதான் சுலபமாக இருந்தது.

மெஷின் நீரை இழுக்க இழுக்க, சரோஜா அம்மாவின் வீக்கம் வடிய ஆரம்பித்தது. முதலில் கன்னம் ஒட்டியது. பிறகு வாய்க் குழாயை எடுத்து, ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்தபோது, மோவாயில் அந்தப் பள்ளம். நான் உடை மாற்றும் அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உயிரோடு, மயக்கத்தில், என் கண் முன்னால் படுத்திருந்தவர்தானே?

நினைவு வந்த பிறகு அவருக்கு எதுவும் ஞாபகமில்லை. "இந்த அக்காதாம்மா உன் பக்கத்துலயே இருந்து பாத்துக்கினாங்க" என்று மகள் என்னைக் காட்டினாள். "நல்லா இரும்மா" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, இன்று வரை வரவில்லை. வெட்கங்கெட்டவள் மாதிரி சிரித்தேன்.

கிட்னி தேறிவிட்டது, இப்போது செக்கப்புக்கு மட்டும் வருகிறார். போன மாதம் பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து மகளோடு ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரித்தார். சிரிக்கும்போதே அவருடைய வலது கால் மெதுவாக நீண்டு விறைத்து நின்றது.

"இன்னாவோ தெர்லமா, உன்னைப் பாத்தா மட்டும் இந்தக் காலு தானா நீட்டிக்குது" என்று தொடையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

நான் அவர் காலடியில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்துவிட்டேன். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.