மாமனார் கடையில் செங்கல் ஸ்டிக்கர்

வீட்டு அலங்காரச் சாமான் விற்கிறவளுக்குச் சுவரைப் பற்றித் தெரிந்தால் போதாது, அந்தச் சுவரைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். எனக்குச் சுவரைப் பற்றி மட்டும்தான் தெரிந்திருந்தது.

கடை என் மாமனாருடையது. வில்லியனூர் கடைத்தெருவில் சிமெண்டு, ஆணி, பைப்பு, பெயிண்ட் விற்கிற கடை. கல்யாணமாகி வந்தவள் சும்மா இருக்காமல், கையால் ஒட்டிக்கொள்கிற சுவர் ஸ்டிக்கர், பிளாஸ்டிக் இலைக்கொடி, சீரியல் லைட்டு எல்லாம் வைக்க ஒரு ரேக் கேட்டேன். பைப்பை வளைத்து இணைக்கிற எல்போ வைத்திருந்த ரேக்கைக் காலி செய்து கொடுத்தார். "பொங்கல் வரைக்கும் பாப்பம்மா. விக்கலன்னா எல்போ பழைய எடத்துக்கே வந்துடும்" என்றார். மாமனார் கடையில் மருமகளாக உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கெடுவின் அருமை புரியும். எல்போவிடம் தோற்பது சாதாரண அவமானமா?

முகம் பார்த்த கதை

பஸ் ஸ்டாப் பக்கம் பூ விற்கும் மல்லிகா அக்காதான் முதல் போணி. சுவரில் ஒட்டும் ஆறு மூலைக் கண்ணாடி வாங்கிப் போனார். மறுநாளே ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கோபமாக வந்தார். "இன்னா கண்ணாடி குடுத்த? மூஞ்சி மேல பனி மூடுன மாதிரி இருக்குது. இதுல பாத்தா நான் எங்க மாமியார் மாதிரி தெரியறேன்" என்றார்.

கீறல் விழாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பார்கள். அதை அவர் உரிக்கவே இல்லை. நகத்தால் நெம்பி உரித்து, ஏதோ கண் ஆபரேஷன் செய்து முடித்த டாக்டர் தோரணையில் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "இப்ப நல்லாத் தெரியுது. மாமியாரேதான்."

பாட்டில் உபயம்

நம் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் காலி பாட்டிலுக்கு வராது. அதை ஊறவைத்து லேபிளை உரித்து, பெயிண்ட் அடித்து, கழுத்தில் சணல் சுற்றி, உள்ளே தண்ணீர் ஊற்றி மணி பிளாண்ட் வைத்தால் ஜன்னலுக்கே ஒரு களை வந்துவிடும். மாதிரிக்கு இரண்டு செய்து கல்லாப் பக்கம் வைத்தேன். பெயிண்டும் பிரஷ்ஷும் சணலும் என் ரேக்கில் இருந்துதானே போக வேண்டும் என்ற கணக்குதான்.

பாகூர் விஜயா வாங்கிப் போனாள். கொஞ்ச நாளில் இன்னொரு டப்பா பெயிண்டுக்கு வந்து நின்றாள். வியாபாரம் சூடு பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு. அவள் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. அதுவரை பாட்டிலை வைக்கோல் போரில் ஒளித்து வைத்த புருஷன், இப்போது கழுவித் துடைத்து அவள் கையிலேயே கொடுக்கிறானாம். "டெய்லி ஒண்ணு கொண்டாந்து வச்சிட்டு, உனக்காவத்தான்டி குடிக்கறேன்னு சொல்றாருக்கா."

செங்கல்

மாதிரி பாட்டில்களை அன்றே உள்ளே எடுத்து வைத்துவிட்டு, என் பெரிய நம்பிக்கையான செங்கல் ஸ்டிக்கரை முன்னால் வைத்தேன். அச்சு அசல் செங்கல் சுவர் போலவே இருக்கும். கேட்லாக்கில் பார்த்து மயங்கி, ரேக்கில் பாதியை அதாலேயே நிரப்பியிருந்தேன். குருவிநத்தம் அமுதா அக்கா மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வாங்கிப்போய், ஹால் சுவர் முழுக்க ஒட்டிப் போட்டோ அனுப்பினார். அத்தனை அழகு. அதை நான் ஸ்டேட்டஸில்கூட வைத்தேன்.

நம் பக்கத்தில் வெளியே தெரிகிற செங்கலுக்கு அழகு என்று பெயர் இல்லை, பூச்சு வேலைக்குப் பணம் பத்தவில்லை என்றுதான் அர்த்தம். சிமெண்டு விற்கிற வீட்டு மருமகளுக்கு இது தோன்றாமல் போனதே. மறுநாள் அமுதா அக்கா வந்து, திட்டக்கூடத் தெம்பில்லாமல் சொன்னார்: "காப்பி குடிச்சிட்டுப் போவும்போது சொல்றாங்க, மொதல்ல வூட்டப் பூசி முடிங்க, அப்பறம் பொண்ணக் கட்டிக் குடுக்கலாம்னு."

எல்போ காத்திருந்தது

அன்றைக்கே அவரோடு போய் அத்தனையையும் உரித்தேன். கூடவே உரிந்து வந்த பெயிண்டுக்குப் பதிலாக நானே இரண்டு கோட்டிங் அடித்தேன். மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்து, சுவரைத் தடவிப் பார்த்த பிறகுதான் சம்மதம் சொன்னார்கள். கல்யாணம் பிழைத்தது, என் பேர் பிழைக்கவில்லை. விஷயம் ஊரெல்லாம் பரவி, செங்கல் ஸ்டிக்கரை யாரும் தொடவில்லை. பொங்கல் நெருங்கியது. எல்போ மூட்டை என் ரேக்குக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்தாலே எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் ஒருவர் ஹாலுக்கு அடிக்க பெயிண்ட் கேட்டு வந்தார். ஆனால் வீடு பளபளவென்று இருந்தால், பொங்கலுக்கு வரும் தங்கை மாப்பிள்ளை கைமாற்று கேட்பாரே என்று அவருக்குக் கவலை. ஆணி நிறுத்துக்கொண்டிருந்த மாமனார் நிமிராமலே சொன்னார், "பெயிண்ட வுடு. செவுத்துல இந்தச் செங்கல்ல ஒட்டு. வூடே பூசலன்னு நெனச்சி, வந்தவரு உனக்கு ஏதாச்சும் குடுத்துட்டுப் போவாரு."

வாங்கிப் போனார். அவரைக் கேட்டு இன்னொருவர், அப்புறம் இன்னும் பலர் வந்தார்கள். ஒருநாள் சாப்பாடு எடுத்துப் போனால், கல்லாவுக்குப் பின்னால் மாமனாரே செங்கல் ஒட்டியிருக்கிறார். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு வசூல் செய்யும் தனசேகர் அண்ணன் ரசீதுப் புத்தகத்தோடு அதன் எதிரில் நிற்கிறார். "பாத்தியா, நம்ம கடையே பூசாமக் கெடக்குது" என்று மாமனார் இழுத்தார்.

தனசேகர் அண்ணன் ஒரு செங்கலின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். அது எழும்பி வந்தது. மாமனார் கல்லாவைத் திறந்து நன்கொடையைக் கொடுத்தார். ரசீதைக் கிழித்து நீட்டிவிட்டு, அண்ணன் கொஞ்சம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்: "எனக்கும் இதுல ரெண்டு ரோல் போடுங்க மொதலாளி, நாளைக்கு எங்க சம்பந்தி வராரு."

எல்போ மூட்டை குடோனுக்குப் போய்விட்டது. வீட்டை அழகாகக் காட்டச் சாமான் விற்க வந்த நான், அதே ரேக்கில் இப்போது ஏழையாகக் காட்டச் சாமான் விற்றுக்கொண்டிருக்கிறேன்.