இருபத்தொரு மல்லாட்டை

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு இடுப்பில் பட்டதும் பரவுகிற சில்லிப்பு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. குத்தும் வலியைவிட, இதோ குத்தப்போகிறார்கள் என்கிற அந்தச் சில்லிப்புக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

ஒன்பது வயதில் தொண்டைவலி வந்து ஆறிப்போய், பிறகு முட்டி இரண்டும் வீங்கிக்கொண்டபோது, ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து அம்மா என்னைத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். இந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் இருதய வால்வு கெட்டுவிடும், வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் போட வேண்டும் என்றார்கள். வெளியூரில் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமென்று, சிஸ்டர் என்னை "பென், சத், தீன்" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்ல வைத்தார். எங்கள் தெருவில் அது "இருவத்தோரு நாள் ஊசி". வெள்ளை மாவாக இருக்கும்; தண்ணீர் ஏற்றிக் குலுக்கினால் பால்போலத் திரளும், சட்டென்று போடாவிட்டால் ஊசியிலேயே அடைத்துக்கொள்ளும்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. களையெடுக்கப் போகுமுன் தினமும் ஒரு மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, தோலோடு காபித்தூள் டப்பாவில் போடுவாள். இருபத்தொன்று சேர்ந்தால் ஆஸ்பத்திரி. நான் நடுவில் ஒன்றிரண்டை எடுத்துத் தின்றேன். பசியால் இல்லை, ஊசி தள்ளிப்போகும் என்றுதான். தோலை வெளியே போட்டால் தெரிந்துவிடுமே என்று பாவாடை முடிச்சில் செருகிக்கொள்வேன்.

ஐந்து நாள் தள்ளிப்போன ஒரு தடவை, முட்டி மறுபடி வீங்கிவிட்டது. டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். செத்துப்போவேன் என்றே முடிவு செய்துவிட்டேன்.

"இந்த வாட்டி தப்பிச்சிட்டா. இனிமே ஒரு நாள் தள்ளக்கூடாது" என்றார்.

சிஸ்டர் என்னைக் கட்டிலில் படுக்கவைத்துப் பாவாடையைத் தளர்த்திக்கொண்டே அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, எத்தினி வாட்டி சொல்றது? வேலைக்குப் போய்க்கினு புள்ளய மறந்துட்டியா?"

"இல்லீங்க சிஸ்டர், எண்ணிக்கினுதான் வந்தேன்" என்றவள், ஏனோ சட்டென்று குரலை மாற்றிக்கொண்டாள். "மறந்துட்டேங்க. என் தப்புதான்."

சிஸ்டர் மேலும் திட்டினார். அம்மா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மறுநாள் டப்பாவைத் திறந்தால் மல்லாட்டைக்குப் பதில் ஒரு புளியங்கொட்டை கிடந்தது. அதைத் தின்ன முடியாது. அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் ஒரு நாளும் தள்ளவில்லை.

இடையில் மூட்டுவலியாலும் பயத்தாலும் ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. பயம் மட்டும் நிற்கவில்லை. என் பெண் தொண்டையைச் செருமினாலே டார்ச் அடித்துப் பார்க்கிறேன். போன மாதம் விழுப்புரத்தில் எக்கோ எடுத்தேன். வால்வு நன்றாக இருக்கிறதாம். அந்தச் சந்தோஷத்தில், கோலியனூரில் என்னோடு இருக்கும் அம்மாவிடம் மல்லாட்டை விஷயத்தை ஒப்புக்கொண்டேன்.

"பாவாடைய அவுத்தப்பவே தோலு கீழ உழுந்துச்சிடி. சிஸ்டரு பாத்துடப் போறாங்கன்னு மிதிச்சிக்கினு நின்னேன்" என்றாள்.

"சொல்லியிருக்கலாமில்லம்மா?"

"ஊசி போட்டுக்கினவளுக்குத் திட்டு வேறயா?"

டப்பா எப்போதோ துருப்பிடித்துப் போய்விட்டது. நாள் எண்ண இப்போது செல்போன் இருக்கிறது. தோலை மிதித்து நின்ற அம்மாவின் அந்தக் காலில்தான் இப்போது மூட்டுவலி. தினமும் தைலம் தேய்த்துவிடுகிறேன்.