கோடு இல்லாத பெரியப்பா

மூன்று வருடங்களுக்கு முன்பு அப்பா தவறிப் போனதால், சிங்கப்பூருக்கு அக்கரையில் இருக்கும் மாசாயில், எங்கள் வீட்டில் அந்த வருடம் தீபாவளி கிடையாது. முறுக்கு சுடவில்லை, விருந்தாளியும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், வம்சாவளி போடும் ஓர் இணையதளத்தில் எங்கள் குடும்பத்தை ஏற்ற ஆரம்பித்தேன். அப்பாவின் பெயரைத் தட்டியபோது கண் கலங்கிவிட்டது. அவருக்கு மேலே தாத்தா, பாட்டி. பக்கத்தில், அப்பாவோடு ஒரு கோட்டால் இணைத்து, குளுவாங்கில் தனியாக இருக்கும் பெரியப்பா.

அவர் பெயரைச் சரியாகப் போட வேண்டுமே என்று அவருடைய ஐசியை, அதாவது அடையாள அட்டையை, படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நம் ஆட்களுக்குத்தான் குடும்பப் பெயர் கிடையாதே, பெயருக்குப் பின்னால் அப்பா பெயர்தான் வரும். தாத்தாவின் பெயர் இருக்க வேண்டிய அந்த இடத்தில் வேறு யாரோ ஒருவர் பெயர் இருந்தது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பியிடம் இதைச் சொன்னதுதான் தாமதம், துப்பறிய இறங்கிவிட்டான். "கேஸ் முடிஞ்சிருச்சு லா. பாட்டிக்கு இது ரெண்டாவது கல்யாணம்." அதோடு விட்டானா? அந்த ஆளைப் பாட்டியின் முதல் கணவர் என்று இணையதளத்திலும் ஏற்றினான். உடனே அந்தத் தளம், இவர்களும் உங்கள் சொந்தமாக இருக்கலாம் என்று யார் யாரையோ காட்டியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு யூகம் பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "போய்ச் சேந்த மனுஷிய பத்தி என்னா பேச்சு இது? நீங்க பாத்தீங்களா?" என்று அழுதார். நாங்கள் பார்க்கவில்லைதான். பார்த்தவர் குளுவாங்கில் இருக்கிறார். அவரைக் கேட்கத்தான் எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த வாரக் கடைசியில் கிளம்பிப் போனேன். பெரியப்பாவே காப்பி கலக்கிக் கொடுத்தார். நான் இழுத்து இழுத்துக் கேட்டு முடித்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அலாமாக்! நான் உங்க தாத்தா புள்ளயே இல்லம்மா. எஸ்டேட்டு லயத்துல பக்கத்து வீடு. என்னைப் பெத்தவங்க ரெண்டு பேரும் காய்ச்சல்ல போயிட்டாங்க. உங்க பாட்டி தட்டுல சோத்தப் போட்டு, உங்கப்பன் பக்கத்துல உக்கார வச்சாங்க. அவன் அண்ணேன்னு கூப்ட்டான். அவ்ளோதான்."

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப என் பேர அதுலேர்ந்து எடுத்துருவியாம்மா?"

அப்பாவின் காரியத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்று தேம்பியவர் அவர். "எடுக்க மாட்டேன் பெரியப்பா" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தம்பி ஏற்றியதை எல்லாம் அழித்தேன். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான் இழுத்திருந்த கோடும் போயிற்று. வம்சாவளியில் பிறந்தது பிறந்தபடிதானே இருக்க வேண்டும்? பெயரை மட்டும் விட்டுவைத்தேன். தாத்தாவுக்கு மேலே இன்றும் பாதி யூகம்தான், கேள்விக்குறி போட்டுத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் எந்தக் கோடும் இல்லாமல் நிற்கிறதே ஒரு பெயர், அந்த உறவுக்கு மட்டும் நான் யாரிடமும் ஆதாரம் கேட்கத் தேவையில்லை.