சார்ஜ் என்ற சொல்லுக்கு நான் எழுதிய பதில்

சார்ஜ் என்றால் பஸ்ஸில் கண்டக்டர் கேட்பது என்றுதான் அப்போது எனக்குத் தெரியும். தண்டையார்பேட்டையில் கோணிப்பை தைக்கும் ஆலையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். வயது இருபத்திரண்டு. ஒரு சித்திரை மாத மத்தியானம், பக்கத்து மெஷினில் இருந்த ஏழு மாதக் கர்ப்பிணி அக்கா மயங்கிச் சரிந்தார். அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முகத்தில் தண்ணீர் தெளித்து, அவர் கண் திறந்து பேசும்வரை கூடவே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது மேஸ்திரி என் மெஷினருகே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். முழுக்க இங்கிலீஷ்.

"சார்ஜ் ஷீட்டு. மன்னிப்பு எழுதிக் குடு, இல்லாங்காட்டி வேலை கெடையாது."

"இன்னா எழுதிகீதுன்னே தெரியாம எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?" என்றேன்.

எங்கள் தெருவில், அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் பாய் ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோனேன். இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னார்:

"இதுல சார்ஜ் ரெண்டு எடத்துல வருதும்மா. மேல கீறது உன் மேல சாட்டுற குத்தம். கீழ, உன் சார்ஜ்ல இருந்த மெஷினை வுட்டுட்டுப் போய்ட்டேன்னு கீது. அங்க அது குத்தம் இல்ல, உன் பொறுப்பு."

"ஒரே வார்த்தைதானே பாய்?"

"ஒரே வார்த்தைதான். இங்கிலீஷ்காரன் அப்டித்தான் வச்சிகீறான்."

அன்று மாலையே பதில் எழுதினேன், தமிழில். எட்டாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்து. 'மெஷின் என் சார்ஜில் இருந்தது உண்மை. என் பக்கத்தில் விழுந்த மனுஷியும் அந்த நேரத்தில் என் சார்ஜ்தான். மெஷினுக்கு உயிர் போகாது, அதனால் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை.'

விசாரணையில் குமாஸ்தா அதைப் படித்துக் காட்டினார். மானேஜர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யார் எழுதிக் கொடுத்தது?"

"நான்தான் சார். வேணும்னா இங்கியே இன்னொருவாட்டி எழுதறேன்."

வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். மேஜையில் சாய்ந்துகொண்டு அதே வரிகளை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் சஸ்பெண்டு செய்தார்கள். திரும்பிப் போனதும், தூசி அதிகம் பறக்கும் மூலைக்கு மாற்றினார்கள். இருமிக்கொண்டே தைத்தேன். மன்னிப்பு மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆடியில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. அதே மாதம் இன்னொருத்தி மயங்கி விழுந்தாள். நான் எழுந்திருப்பதற்குள் நான்கு மெஷின்கள் நின்றிருந்தன; ஓட்டியவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நான்கு பேருக்கும் காகிதம் எதுவும் வரவில்லை.